நாற்காலியைத் திருப்பிப் போட்ட வருஷங்கள்

போன மாதம் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். நான் முன்பு வேலை பார்த்த கணினி மையத்தில் இப்போது பாடம் எடுப்பவள். ஆண்டு விழாவுக்கு மலர் போடுகிறார்களாம். "இனிமையான அனுபவமா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க டீச்சர்" என்றாள். பார்க்கலாம் என்றேன். வைக்கப் போகிற நேரத்தில் இன்னொன்றும் கேட்டாள். "டீச்சர், வயசானவங்க போனை நம்ம கையிலயே குடுத்துடறாங்க. மெசேஜைத் திறந்து நாங்களே படிச்சு, நம்பரைப் போட்டு வேலைய முடிச்சுக் குடுத்துடறோம். புதுசா வந்த சார், அடுத்தவங்க மெசேஜை நீங்க எப்படிப் படிக்கலாம்னு சத்தம் போடறாரு. உங்க காலத்துல எப்படி டீச்சர்?"

எங்கள் காலத்தில் எப்படி என்று ஒரு வரியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அதே யோசனைதான். இனிமையான அனுபவம் ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டதை எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பத்தாவது, அதற்குமேல் டைப்ரைட்டிங்கில் இரண்டு மொழியிலும் ஹையர். நெல்லித்தோப்பில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பதினோரு வருஷம் பாடம் எடுத்தேன். அதை மூடிய பிறகு வீட்டில் சும்மா இருந்தேன். ஒரு அறக்கட்டளை முதலியார்பேட்டையில் பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். நான்காவது வாரம் நான் டீச்சர். அவ்வளவுதான்.

மையம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்புறம் ஒரே அறை. முகூர்த்த நாளில் மேளச் சத்தத்துக்கு நடுவில்தான் பாடம். ஏதோ ஒரு கம்பெனி தூக்கிப் போட இருந்த ஆறு பழைய மெஷின்களைத் தானமாகக் கொடுத்திருந்தது. அந்த ஆறில் நாலு எப்போதும் ஓடும், ஒன்று சில நாள் ஓடும், ஒன்றின் மேல் நாங்கள் தண்ணீர்க் குடம் வைத்திருந்தோம். காலையில் பெண்கள், மதியத்துக்குமேல் ஆண்கள். பெண்களில் பாதிப் பேர் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து விவசாய வேலை இல்லாத நாட்களில் பஸ் பிடித்து வருகிறவர்கள். ஆண்களில் பெரும்பாலும் பஞ்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஐம்பது வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை.

மவுஸ் பிடிக்கப் பழக்குவதற்கே இரண்டு வாரம் ஆகிவிடும். ஆண்களுக்குக் கம்ப்யூட்டரில் இருக்கிற சீட்டாட்டத்தைத் திறந்துவிடுவேன். மில் ஆட்களுக்குச் சீட்டு தண்ணீர் பட்ட பாடு. எட்டை எடுத்து ஒன்பதின் மேல் போடுவதற்குள் கை தானாகப் பழகிவிடும். அப்புறம் எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்க மாட்டார்கள், அது வேறு சண்டை. பெண்கள் சீட்டைத் தொடமாட்டேன் என்றார்கள். அதனால் அவர்களுக்குப் படம் வரையும் இடத்தைத் திறந்து புள்ளி வைத்துக் கொடுப்பேன். கோலத்தை மவுஸால் சுற்றி முடிப்பார்கள். ஒரு சிக்குக் கோலம் ஒழுங்காக வந்துவிட்டால் அந்தம்மா தேறிவிட்டார் என்று கணக்கு.

பாஸ்வேர்டு சொல்லிக்கொடுத்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். யாருக்கும் தெரியக்கூடாது என்று நான் தொண்டை கிழியச் சொல்வேன். முந்தானையால் கீபோர்டை மூடிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பார்கள். அறையில் இருக்கிற அத்தனை பேருக்கும் அத்தனை பேருடைய பாஸ்வேர்டும் தெரியும். "உங்க முருகன் பேருல ஒரு எழுத்து விட்டுப்போச்சுக்கா" என்று பக்கத்து மெஷினிலிருந்து திருத்துவார்கள்.

எங்களுக்கு மேலே இருந்தவரை எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சுப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலை ஒன்பதே முக்காலுக்கு ரிக்‌ஷாவில் வந்து இறங்குவார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, உள்பக்கம் திருப்பிக் கட்டிய கைக்கடிகாரம். எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் முதலில் "அலோர்..." என்று பிரெஞ்சில் ஒரு இழுப்பு, நம்முடைய 'அப்போ...' மாதிரி. அந்த இழுப்பின் நீளத்தைப் பார்த்தே நமக்குக் கிடைக்கப் போவது திட்டா பாராட்டா என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் திட்டுதான். ஆனால் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் ஒருநாளும் குரல் உயர்ந்ததில்லை. கூலிக்காரப் பெண்ணையும் "வாங்கம்மா, உக்காருங்க" என்றுதான் சொல்வார்.

மதாம் போட்ட சட்டங்களில் இரண்டு முக்கியம். ஒன்று, கற்றுக்கொள்பவரின் மவுஸை நாம் தொடக்கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, வாயால்தான் சொல்ல வேண்டும். இரண்டாவது, அவர் மெயிலைத் திறந்ததும் நாம் உட்கார்ந்திருக்கிற நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். படித்து முடித்ததும் அவர் கூப்பிட்டால்தான் திரும்பலாம்.

இது என்ன கிறுக்குத்தனம் என்று ஆரம்பத்தில் நான் முனகினேன். மதாம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அலோர்... ஜெயா, நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ எங்க தெருவுல கடுதாசி எழுதிக் குடுக்கிறவர் ஒருத்தர் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவங்க எல்லாம் அவர்கிட்டதான் போவாங்க. எவ புருஷன் பொழைக்கப் போன சைகோன்ல இன்னொருத்தியோட இருக்கான், எவ வீட்டுல சாப்பாட்டுக்கு இல்ல, எல்லாம் அவர் வாயில இருக்கும். சாயங்காலம் கடைத்தெரு முழுக்க அதுதான் பேச்சு. படிக்கத் தெரியாதவங்களுக்கு ரகசியம்னு ஒண்ணு இருந்ததே இல்ல. இவங்க இங்க கம்ப்யூட்டர் கத்துக்க வரல. ரகசியம் வெச்சுக்கக் கத்துக்க வர்றாங்க. புரியுதா?"

புரிந்தது. நியாயமாகவும் பட்டது. இப்போதும் நியாயமாகத்தான் படுகிறது, அதுதான் என் கஷ்டம். அன்றிலிருந்து நாற்காலியைத் திருப்பிப் போடுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

கோதண்டம் வந்தது சுனாமி வந்து ஓரிரு வருஷம் கழித்து. மில்லில் தறி ஓட்டியவர், அறுபத்து மூன்று வயது. தறிச் சத்தத்தில் முப்பது வருஷம் நின்றதால் காது பாதி போய்விட்டது. மில் ஆட்கள் பலருக்கும் அப்படித்தான். தனக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசுவார். மனைவி தவறிவிட்டார். ஒரே மகள் வளர்மதி. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் சம்பந்தம் கிடைத்து, கல்யாணமாகி இரண்டு வருஷமாகப் பிரான்சில் இருக்கிறாள்.

"இன்னாத்துக்குக் கம்ப்யூட்டர் கத்துக்கணும்னு வந்தீங்க?" என்று ஃபாரம் எழுதும்போது கேட்டேன்.

"எம் பொண்ணு கத்துக்கச் சொல்லுதும்மா. பக்கத்து ஊட்டு போனுக்குத்தான் பேசும். எனக்கு அது பேசறது ஒண்ணும் வெளங்காது, ஆங் ஆங்னுட்டு வெச்சுடுவேன். போன வாட்டி பக்கத்து ஊட்டம்மாகிட்ட சொல்லிருக்குது, அப்பாவைக் கம்ப்யூட்டர் படிக்கச் சொல்லுங்க, கண்டிப்பாப் படிக்கச் சொல்லுங்கன்னு."

எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதானே என்று நினைத்து அந்தக் கட்டத்தை நிரப்பினேன். "கண்டிப்பா" என்ற வார்த்தையை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

தமிழ் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிற மனிதர். ஆனால் இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் தெரியாது. எங்கள் மெஷின்களில் தமிழ் அடிக்க வசதி இல்லை. எல்லோருமே இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்துத்தான் மெயில் அனுப்புவார்கள். அதனால் முதலில் அவருக்கு இருபத்தாறு எழுத்தும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. தறியில் பழகிய கை, ஒவ்வொரு எழுத்தையும் ஆணி அடிப்பதுபோல் அடிப்பார். மூன்று மாதம் ஆயிற்று. எனக்குப் பொறுமை போதாது என்று ஒப்புக்கொள்கிறேன். அவர் 'கே' எழுத்தைத் தேடும் நேரத்தில் நான் அடுத்த ஆளுக்குச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன், அப்போதும் தேடிக்கொண்டிருப்பார்.

புதன்கிழமைதான் எங்களுக்கு மெயில் நாள். மண்டபத்து டெலிபோன் லைனை அன்று மட்டும் எங்களுக்கு விடுவார்கள். கீச்சென்று கத்திவிட்டு நெட் வரும். ஆளுக்குக் கால் மணி நேரம். முதல்முறை மெயில் போடுகிறவர்களுக்காக நான் பலகையில் மூன்று வரி எழுதிப் போட்டிருப்பேன். 'கடிதம் கிடைத்தது. மகிழ்ச்சி. இங்கு நலம்.' அதைப் பார்த்து இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டும். எல்லோருமே முதலில் அதைத்தான் அடிப்பார்கள். பாதிப் பேர் கடைசி வரைக்கும் அதையேதான் அடிப்பார்கள்.

வளர்மதியின் முதல் மெயில் வந்த புதன்கிழமை மறக்காது. கோதண்டம் திரையில் விரல் வைத்து எழுத்துக் கூட்டினார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன், ஆனாலும் அறைக்கே கேட்டது. "அப்... பா... சாப்... டீங்... களா! ஏ, சாப்டீங்களான்னு கேக்குதுய்யா!" என்று பக்கத்து மெஷின்காரரின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். எல்லோரும் சிரித்தோம். அடுத்த வாரமும் அதே மாதிரி, ஆனால் மண்டபத்து மேளத்தில் எங்களுக்குப் பாதிதான் கேட்டது. பலகையைப் பார்த்துப் பதில் அடித்தார்.

மூன்றாவது வாரம் சத்தமே இல்லை.

நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "படிச்சாச்சுங்களா?" என்றேன். "ஆச்சு டீச்சரம்மா" என்றார். திரும்பினேன். மெயிலை மூடிவிட்டிருந்தார். பதில் அடித்தார், அதே மூன்று வரி. முகத்தில் ஒரு யோசனை இருந்தது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தவர் மனசுக்குள் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று தோன்றியது. அப்படி ஒரு பெருமை எனக்கு. மதாமிடம் போய்ச் சொன்னேன். மதாம் "த்ரே பியான், ரொம்ப நல்லது" என்று அவருக்குக் கை கொடுத்தார். அவர் கையைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் என்று நினைத்தேன். வெட்கம்தான், ஆனால் நான் நினைத்த வெட்கம் இல்லை.

நாலாவது வாரமும் அப்படியே. ஐந்தாவது வாரமும் அப்படியே. ஒருநாள் கிளம்பும்போது என்னிடம் வந்து நின்று, "எழுத்து இன்னும் பாக்கி இருக்குதாம்மா?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குத் தலைவலி, அரியாங்குப்பம் பஸ் போய்விடும் என்ற அவசரம் வேறு. "இருபத்தாறுதான்யா. அதுக்குமேல ஆண்டவன் படைக்கல. இருக்கிறதையே நீங்க இன்னும் தேடிக்கிட்டு இருக்கீங்க" என்றேன். "சரிதாம்மா, சரிதாம்மா" என்று போய்விட்டார். அந்தப் பதிலுக்காக நான் என்னையே எத்தனை தடவை திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று கணக்கில்லை.

ஆறாவது வாரமும் ஒரு மெயில் இருந்தது. அதற்கும் அதே மூன்று வரி பதில். அதற்கப்புறம் இரண்டு புதன்கிழமை ஒன்றும் வரவில்லை.

"பொட்டி காலியா கெடக்குதும்மா. நான் பதில் ஒழுங்காத்தான போட்டேன்?" என்றார். முகம் வாடிப் போயிருந்தது. ஒருவேளை அவர் போட்ட பதில் போய்ச் சேரவில்லையோ என்று எனக்குச் சந்தேகம்.

"நான் பாக்கட்டுங்களா?"

"பாரும்மா."

நாற்காலியைத் திருப்பினேன். பதில்கள் எல்லாம் ஒழுங்காகப் போயிருந்தன. விலாசம் சரியா என்று பார்க்க மகளிடமிருந்து வந்த பழைய மெயில் ஒன்றைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். வரி வரியாக, பத்தி பத்தியாக, வெறும் கட்டம். நடுவில் ஒரு புள்ளி, ஒரு கமா, மறுபடியும் கட்டம். அடுத்ததும் கட்டம். அதற்கடுத்ததும் கட்டம்.

"இதையா படிச்சீங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெரிய குரல் எங்கே போனது என்று தெரியவில்லை, சின்னக் குரலில் சொன்னார். "இந்த எழுத்து எனக்கு இன்னும் வரலம்மா. பெரிய படிப்புக்காரங்க எழுத்துபோல இருக்குது, எம் பொண்ணு அங்க போயி கத்துக்கிச்சுபோலன்னு இருந்தேன். அடுத்த பாடத்துல சொல்லிக் குடுப்பீங்கன்னு பாத்தேன். யாரையாவது கேக்கலாம்னா, அதுக்கு முந்தின கடுதாசில அது எழுதியிருந்துச்சு. அடுத்த வாரம் பெரிய கடுதாசி போடறேன், நீங்க மட்டும் படிங்கன்னு."

அவள் தமிழில் எழுதியிருக்கிறாள். அங்கே ஏதோ ஒரு புது மெஷினில், அப்பாவுக்கு நன்றாகத் தெரிந்த எழுத்தில், அப்பா கஷ்டப்படாமல் படிக்கட்டும் என்று எழுதியிருக்கிறாள். எங்கள் தானத்து மெஷினுக்குத் தமிழ் தெரியாது. அதுவரை எங்கள் மையத்துக்குத் தமிழ் எழுத்தில் ஒரு மெயில்கூட வந்ததில்லை, அதனால் அது கட்டமாகத்தான் தெரியும் என்று எனக்கும் தெரியாது.

மதாமின் அறையில் அப்போதுதான் ஒரு புது மெஷின் வந்திருந்தது. மெஷின் போட வந்தவர் தமிழ் தெரிகிற மாதிரி ஏதோ செய்து கொடுத்திருந்தார். கோதண்டத்தை அங்கே அழைத்துக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னதும் மதாம் "அலோர்" சொல்லவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து அவரை அதில் உட்கார வைத்தார். பாஸ்வேர்டைக் கோதண்டமே அடித்தார். மெயிலைத் திறந்ததும் கட்டங்கள் எல்லாம் தமிழாகத் தெரிந்தன.

"நீங்க படிங்க. நாங்க வெளிய இருக்கோம்" என்றார் மதாம். என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினார். அந்த நேரத்திலும் சட்டம்.

ஆனால் கோதண்டம் மனசுக்குள் படிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லையே. பேப்பர் படிக்கிற பழக்கம், வாய்விட்டுத்தான் படித்தார். கதவுக்கு வெளியே ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. புருஷன் அடிக்கிறான். பாஸ்போர்ட்டை மாமியார் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். போன் பேசும்போது இரண்டு பேரும் பக்கத்தில் நிற்கிறார்கள். வாரத்தில் ஒருநாள் மொழி வகுப்புக்கு விடுகிறார்கள், அங்கே இருக்கிற கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறேன். "நான் கெளம்பி வந்துட்டா உங்களுக்குத் தலைகுனிவுன்னு தெரியும்பா. நீங்க சொல்லாம வரமாட்டேன். வந்துடுன்னு ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கப்பா. நான் கெளம்பிடறேன்."

மதாம் என் கையை விடவில்லை.

இரண்டாவது கடிதம். "மகிழ்ச்சின்னு எழுதியிருக்கீங்களேப்பா. புரியாம எழுதினீங்களா, யாராவது பக்கத்துல இருந்தாங்களா?" மூன்றாவது. "மறுபடியும் அதேதான் எழுதியிருக்கீங்க. ஊரு என்ன பேசும்னு பயப்படறீங்களா? நான் முதலியார்பேட்டைக்கே வரல, வேற எங்கயாவது இருந்துக்கறேன்." நாலாவதைப் படிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் நாங்கள் உள்ளே போனோம். நான் முதல்முறையாக இன்னொருவர் கடிதத்தைத் திரையில் படித்தேன். நாலே வரி.

"வலது கை கட்டுப் போட்டிருக்கு. இடது கையால அடிக்கிறேன். உங்க பதில் எனக்குப் புரிஞ்சுதுப்பா. இனிமே எழுதல."

மகிழ்ச்சி என்ற அந்த வார்த்தை கோதண்டத்தினுடையது இல்லை. நான் பலகையில் எழுதிப் போட்டது. நாலு வாரம், நாலு முறை, என் வார்த்தை அந்தப் பெண்ணுக்குப் போயிருக்கிறது.

கோதண்டம் அழவில்லை. பதில் எழுதும் இடத்தைத் தானே திறந்தார். ஒற்றை விரலால், இங்கிலீஷ் எழுத்தில், வந்துடு என்று அடித்தார். மறுபடியும் வந்துடு. மறுபடியும். எந்த எழுத்தையும் தேடவில்லை. மதாமின் புது கீபோர்டு உடைந்துவிடும்போல இருந்தது, யாரும் தடுக்கவில்லை. திரை முழுக்க வந்துடு ஆன பிறகு அனுப்பினார். "இது கட்டமா போவாதில்ல டீச்சரம்மா?" என்று கேட்டார். போகாது என்றேன். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

பதில் வரவில்லை. மதாமின் தங்கை பிரான்சில்தான் இருந்தார். மதாம் அன்றே போன் போட்டார். போனில் பிரெஞ்சில் அவர் பேசிய வேகத்தையும், கடைசியில் "சீல் த ப்ளே", தயவுசெய்து என்று சொந்தத் தங்கையிடமே கெஞ்சியதையும் நான் பார்த்தேன். அதுவரை அவர் யாரிடமும் கெஞ்சிப் பார்த்ததில்லை. தங்கை மூன்று மணி நேரம் ரயிலில் போய் அந்த வீட்டைக் கண்டுபிடித்தார். அவள் இல்லை, போய்ப் பத்து நாள் ஆகிறது என்று கதவைச் சாத்தியிருக்கிறார்கள். இன்னும் நாலு நாள் தேடி, மொழி வகுப்பு எடுத்த டீச்சரின் வீட்டில் அவளைக் கண்டுபிடித்தார். கை முறிந்த பிறகு, அப்பா சொல்லாமலேயே, போட்டிருந்த துணியோடு கிளம்பி அங்கே போயிருக்கிறாள். மெயிலை அதற்கப்புறம் அவள் திறக்கவே இல்லை. நடந்ததைத் தங்கைதான் அவளிடம் சொன்னாராம்.

அந்த ஒரு வாரமும் கோதண்டம் தினமும் மையத்துக்கு வந்தார். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கண்டுபிடித்துவிட்டார்கள் என்று சொன்ன அன்றைக்கு, "உசுரோட இருக்குதா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறாள் என்றதும் எழுந்து வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை.

எனக்கும் மதாமுக்கும் சண்டை அதற்கடுத்த வாரம் வந்தது. இனிமேல் நாற்காலியைத் திருப்ப மாட்டேன் என்றேன். திரையைப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்குமே, மூன்று கடிதத்தை மிச்சப்படுத்தியிருக்கலாமே, அந்தக் கையை மிச்சப்படுத்தியிருக்கலாமே என்று கத்தினேன். மதாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அலோர்... ஒருத்தருக்குத் தப்பாப் போச்சுன்னு, மத்த எல்லாரோட கடுதாசியையும் பிரிக்கச் சொல்றியா ஜெயா?"

"ஆமா" என்றேன் கோபத்தில்.

"நாளைக்கு அந்தப் பொண்ணு எழுதினதை நீ பஸ்ல சொல்லுவியா?"

"நான் ஏன் சொல்றேன்?"

"நீ சொல்லமாட்ட. உனக்கப்புறம் வர்றவ?"

அவருக்கும் தூக்கம் இல்லை என்பது கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. கடைசியில் சட்டம் மாறவில்லை, ஒரே ஒரு கேள்வி சேர்ந்தது. மெயிலைத் திறந்ததும், நாற்காலியைத் திருப்புவதற்கு முன்னால், "எழுத்தாத் தெரியுதா, கட்டமாத் தெரியுதா?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். கேட்க அரை நிமிஷம்கூட ஆகாது. பலகையில் இருந்த மூன்று வரியை நானே துடைத்தேன். அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த வருஷங்களில் அப்படி மாதிரிப் பதில் எதுவும் எழுதிப் போடவில்லை. என்ன அடிப்பது என்று கேட்டால், உங்களுக்கு என்ன தோணுதோ அதை என்பேன். பாடம் மெதுவாகத்தான் போயிற்று. போகட்டும் என்று விட்டேன்.

அதற்கப்புறமும் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைச்சாவடியிலிருந்து வந்த மீன்காரம்மா ஒருவர் தன் பெயரை அடித்துப் பிரிண்ட் எடுத்துப் போய் வீட்டில் ஒட்டினார். சிலர் சான்றிதழுக்குத் தாங்களே விண்ணப்பம் போட்டார்கள். விழா மலருக்கு அதெல்லாம்தான் வேண்டியிருக்கும். ஆனால் எனக்கு அதில் மனசு போவதில்லை. அலுத்துவிட்டது.

ஒரு வருஷம் கழித்து வளர்மதி ஊருக்கு வந்தாள். அப்பாவோடுதான் இருந்தாள். "ஒரு வார்த்தை கேக்கலம்மா என்னை. கேட்டுட்டா தேவலாம்" என்று கோதண்டம் கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னார். பிறகு ஒருநாள் காலையில் அவளே மையத்துக்கு வந்தாள். மெலிந்த பெண், அப்பாவின் நெற்றி. வருகைப் பதிவேட்டில் இடது கையால் பெயர் எழுதினாள். வலது கை மடியில் இருந்தது, விரல்கள் முழுசாக மடங்கவில்லை.

மதாமுக்கு நன்றி சொல்ல வந்ததாகச் சொன்னாள். மதாம் அன்றைக்கு வரவில்லை. காபி வாங்கிவரச் சொல்லட்டுமா என்றேன், வேண்டாம் என்றாள். அப்பா உட்கார்ந்த மெஷின் எது என்று கேட்டாள். காட்டினேன். அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

"அப்பா படிக்கும்போது நீங்க பக்கத்துலயே இருந்தீங்களாமே டீச்சர்?"

"இருந்தேம்மா. இங்கதான், கைக்கெட்டற தூரத்துல. ஆனா ஒருத்தர் கடுதாசியை இன்னொருத்தர் பாக்கக் கூடாதுன்னு எங்களுக்கு ஒரு சட்டம். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கிட்டு அந்தப் பக்கம் பாத்து உக்காந்திருந்தேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"நல்ல சட்டந்தான் டீச்சர். நீங்க மட்டும் படிங்கன்னு அப்பாவுக்கு நானேதான எழுதினேன். ஆனா கடைசி ரெண்டு கடுதாசியும் நான் அப்பாவுக்குன்னு எழுதல. யாராவது ஒருத்தர் எட்டிப் பாத்துட மாட்டாங்களான்னுதான் எழுதினேன்."